கூரையின் தெற்குப் பக்கம்

பென்டில் ஹில்,
12 மே 2009

அன்புள்ள தம்பி ஜெயரட்ணத்துக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கு யாவும் நலம். உமது நலமும் உமது மனைவி சிவனேஸ்வரியின் குரல்வளமும் குறையாதிருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். மச்சாள் மூன்று சோலார்க் கம்பனிக்காரரையும் துரத்திவிட்டா என்று சிவனேஸ்வரி மெல்பேர்ன் கோயிலில் சொல்லித் திரிகிறாளாம். நான் எவரையும் துரத்தவில்லை. நாடு முழுவதும் கிளை வைத்திருக்கும் மூன்று கம்பனிகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கூரைக்குச் சோலார்த் தகடு வாங்கச் சொன்னவர் நீர். நான் ஒப்பிட்டேன், அவ்வளவுதான்.

முதல் கம்பனி பேர்த்திலிருந்து தொலைபேசியில் பேசியது. வீட்டுக்கு வரவே தேவையில்லையாம், செய்மதிப் படத்தில் என் கூரை தெரிகிறதாம். மிக விசாலமான கூரை என்று அந்தப் பெண் புகழ்ந்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நீச்சல் குளத்தையும் புகழும்வரை. அது பக்கத்து வீடு. இரண்டாம் கம்பனி அனுப்பிய இளைஞன் சப்பாத்தோடு குசினி அடுப்பு வரை வந்து, என்னை 'டார்லிங்' என்று அழைத்து, இன்றே கையெழுத்துப் போட்டால் தொலைக்காட்சிப் பெட்டி இலவசம் என்றான். இருபத்தைந்து வருட உத்தரவாதம் தரும் உங்கள் கம்பனி எப்போது தொடங்கியது என்று கேட்டேன். சென்ற வருடம்தானாம். கதவைத் திறந்துவிட்டேன். அது துரத்தல் ஆகாது, மரியாதை.

மூன்றாமவர் நஜிமுதீன், அக்கரைப்பற்றுக்காரர். சப்பாத்தை வாசலில் விட்டு வந்து, கூரையில் ஏறி அளந்து, இறங்கித் தேத்தண்ணி குடித்தார். நீர் தபாலில் அனுப்பிய படத்தைக் கொடுத்தேன். தகடுகள் தெற்கு நோக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, கீழே உமது எஞ்சினியர்ப் பட்டங்களையும் போட்டிருந்தீரே, அதுதான். அவர் அதை நேராகப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பினார்.

"இப்பிடிப் புடிச்சாச் சரி அன்ரி," என்றார். "இந்த நாட்டுல சூரியன் வடக்காலதான் போகும். தெக்கால பூட்டினா தகட்டுக்கு நல்ல நிழல் கிடைக்கும்."

அவர் சொன்னது சரி. மின்சார இலாகாவில் முப்பது வருடம் இருந்த உமக்கு, விமானத்தில் இலங்கைச் சூரியனும் கூடவே வந்ததாக நினைப்பு. என் பின்வளவு வடக்கு, மிளகாய் அங்கேதான் காய்கிறது. முன்வாசல் தெற்கு, படியெல்லாம் பாசி. கொன்வென்ற்றில் மதர் பிலோமினா இதைச் சின்ன வகுப்பிலேயே படிப்பித்தா. உமது கல்லூரியில் அன்று விடுமுறை போலும்.

ஆண்டவன் உமக்கு நீண்ட ஆயுளையும் ஒரு திசைகாட்டியையும் அருள்வாராக. பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உமது மச்சாள்,
பரிமளகாந்தி சச்சிதானந்தன்

பி.கு.: சூரியன், மிளகாய், மதர் பிலோமினா எல்லாம் நஜிமுதீன் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தன. அவர் படத்தைத் திருப்பிப் பிடித்துச் சிரித்தபோது, என் கணவரின் தம்பியைப் பார்த்து வெளியார் சிரிப்பதா என்று எனக்குக் கோபத்தில் ஆங்கிலம் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்து எஞ்சினியர் பிழைவிடுவதில்லை, தெற்கு என்றால் தெற்குத்தான் என்று வாசல்வரை அவர் பின்னால் சொல்லிக்கொண்டே போனேன். அந்த அளவில் சிவனேஸ்வரி சொன்னது மூன்றில் ஒரு பங்கு உண்மை. "அப்ப உங்கட எஞ்சினியர்ட கையெழுத்துல மாத்தி வாங்குங்க அன்ரி, வந்து பூட்டித் தாறன்," என்று போனார். மூவரில் வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அரசாங்க மானியமும் அடுத்த மாதத்தோடு நிற்கிறதாம். சொன்னதை என் வாயால் நான் மாற்ற முடியாது. ஆகவே தகடுகள் வடக்கு நோக்க வேண்டும் என்று எழுதி, பட்டங்களோடு கையெழுத்துப் போட்டு அனுப்பவும். தொலைபேசி வேண்டாம். பதில் எழுத்தில் வேண்டும்.