விசிலண்ணை வாய் திறந்தார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊஸ்டர் நகரம் முழுவதையும் ஒற்றை ஆளாக எழுப்பிவிட்ட தமிழர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் விசிலண்ணை. சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. வெற்றுப் போத்தலைத் தொட்டியில் போட்டாலே எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து முறைப்பாள். அப்படிப்பட்ட ஊரில் விசிலண்ணை பல்கனியில் நின்று தேகப்பயிற்சி செய்வார், ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு விசில் ஊதுவார். முறைப்பாடு போய்ப் பொலிஸ் வந்தது. "இது சத்தம் இல்லை, பயிற்சி" என்று விளக்கம் சொன்னதோடு நிற்காமல், வந்த பொலிஸ்காரனையும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கச் சொன்னவர் அவர்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

2009ஆம் ஆண்டு, நான் வேலை செய்த முதியோர் இல்லத்துக் குசினிக்கு அவர் வந்து சேர்ந்தார். பிறந்தது யாழ்ப்பாணம், படித்தது அமெரிக்காவில் ஏதோவொரு சின்னக் கல்லூரி, கலியாணம் கட்டி வந்து விழுந்தது ஊஸ்டர். முதல் நாள் உருளைக்கிழங்கு உரிக்கக் கத்தியைக் கொடுத்தால், கத்தியை வாங்காமல் அறிவித்தார்:

"நான் அமெரிக்காவிலை கொலிஜ் ஃபுட்போல் விளையாடினனான்."

அது நாம் நினைக்கிற உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் ஆளை விழுத்துவார்கள். நாலு முயற்சிக்குள் பத்து யார் தூரம், ஏறக்குறைய ஒன்பது மீற்றர், முன்னேறவேண்டும். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. இன்றைக்கும் அவ்வளவுதான் விளங்கும்.

"என்ன இடத்திலை நிண்டு விளையாடினீங்கள் அண்ணை?" என்று கேட்டேன்.

"சென்டர்."

சென்டர் என்றால் நடுநாயகம் என்று நினைத்தேன். விசாரித்தால், குனிந்து நின்று காலிடுக்கால் பின்னுக்கு நிற்பவனிடம் பந்தைக் கொடுக்கிற ஆளாம். கொடுத்த கையோடு எதிராளி வந்து மேலே விழுவானாம். அடுத்த பந்துக்கு எழும்பித் திரும்பவும் குனிய வேண்டியதுதான்.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த குலம் சும்மா இருப்பானா? "குனிஞ்சு நிண்டு காலுக்குள்ளாலை பந்து குடுக்கிறதுக்கு அமெரிக்கா போகவேணுமே? அதை இஞ்சை ஊஸ்டரிலையே செய்திருக்கலாமே" என்றான்.

"நான் குடுக்காட்டி ஆட்டமே தொடங்காது, தெரியுமோ?" என்று விசிலண்ணை கத்தினார். அன்று மத்தியானம் முதியவர்களுக்கு உருளைக்கிழங்கு தோலோடு போனது.

அவருக்கு உலகமே ஒரு மைதானம். கோயில் தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்க ஆட்கள் கூடினார்கள். இவர் போய் எல்லாரையும் வரிசையாகக் குனிய வைத்து, ஒரு கையை நிலத்தில் ஊன்றச் சொன்னார். வேட்டியோடு வந்த சனம், இதுவும் ஏதோ புது ஐதீகம் என்று நினைத்து ஊன்றிவிட்டது. விசில் ஊதினார். தேர் பாய்ந்தது. மேலே இருந்த ஐயர் தீபத் தட்டைக் கைவிட்டுவிட்டு அம்மனைக் கட்டிப்பிடித்தார். "ஐயோ, ஆரடா அது விசில் ஊதினது?" என்ற அவருடைய குரல் அடுத்த தெருவில் கேட்டது. தேர் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்தபோது அன்னதானச் சோறு அப்போதுதான் அடுப்பில் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

இப்படிப்பட்டவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனது நாட்டின் தலைவிதி என்றுதான் சொல்லவேண்டும். ஊஸ்டரில் இந்த ஆட்டத்துக்கு ஒரு சின்னச் சங்கம் இருந்தது. தச்சன், தபால்காரன், வங்கியில் வேலை செய்பவன் என்று எல்லாரும் சுவிஸ் பெடியன்கள். விசிலண்ணை அங்கே உதவியாளராக ஒட்டிக்கொண்டார். ஒரு நாள் அவர்களுடைய அமெரிக்கப் பயிற்சியாளர் மனைவிக்கு ஊர் பிடிக்கவில்லை என்று பெட்டியைக் கட்டினார். "அமெரிக்காவில் விளையாடிய அனுபவம் உள்ளவர் யாராவது..." என்று சங்கத் தலைவர் கேட்டு முடிப்பதற்குள் விசிலண்ணையின் கை மேலே நின்றது.

அடுத்த கிழமையே முதுகில் பெரிய எழுத்தில் 'ஹெட் கோச்' என்று பொறித்த ஜக்கெட் வந்துவிட்டது. பெரியபிள்ளையான பெட்டையின் சாமத்திய வீட்டுக்கும் அதைத்தான் போட்டு வந்தார், கீழே பட்டு வேட்டி. சேலைக் கடைக்கு மனைவியோடு போனாலும் அதே ஜக்கெட்தான். அந்த மனுசியின் பொறுமைக்குத் தனியாக ஒரு கோயில் கட்டலாம்.

என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பத்து யார் அளக்க ஒரு சங்கிலி இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நிற்பது என் வேலை. சம்பளம் ஒரு சொசேஜ்.

விசிலண்ணையின் ஜேர்மன் மகா மோசம். கோபம் வந்தால் அதுவும் ஓடிவிடும், தமிழ்தான் வரும். ஆகவே பெடியன்களுக்குத் தமிழ் படிப்பித்தார். இடப்பக்கம், வலப்பக்கம், நடுவாலை, எறி. இந்த நாலு சொல்லும் தெரிந்தால் போதும், அவருடைய அணியில் இடம் உண்டு. செம்பட்டைத் தலைத் தச்சன் ஒருவன் 'வலப்பக்கம்' என்பதை எங்கள் பிள்ளைகளைவிடச் சுத்தமாக உச்சரித்தான்.

"எதிரிக்கு விளங்காத பாஷை. எப்பிடி என்ரை மூளை?" என்று கேட்டார்.

"அண்ணை, சுவிஸிலை எந்தக் குசினியைத் திறந்தாலும் எங்கடை ஆக்கள்தானே நிக்கினம்."

"குசினியிலை நிப்பினம். மைதானத்திலை நிக்கமாட்டினம். எங்கடை சனம் பிள்ளையை டொக்டருக்குப் படிக்க விடும், இல்லாட்டி வயலின் வகுப்புக்கு விடும். இந்த விளையாட்டு விளையாடின தமிழன் நான் ஒருத்தன்தான்."

இதைச் சொல்லும்போது அவருக்கு என்ன பெருமை! பெருமைக்குக் கீழே வேறொன்றும் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பருவத்தில் அணி தோற்றது, பிறகும் தோற்றது. சங்கத் தலைவர் காப்புறுதிக் கொம்பனிக்காரர். கெட்ட செய்தி என்றால் முதலில் ஒரு கோப்பி வாங்கித் தருவார். விசிலண்ணைக்கும் கோப்பி வந்தது. பீல் நகரத்து அணியோடு கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும், அடுத்த வருடம் அமெரிக்காவிலிருந்து புது ஆள் வருவார் என்று தலைவர் சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

விசிலண்ணை கோப்பியைத் தொடவேயில்லை. "கொலிஜிலை நாலு வருசமும் நான் பாத்தது புல்லும் மற்றவன்ரை சப்பாத்தும்தான். இப்பதான் ஆட்டத்தை நிமிந்து நிண்டு பாக்கிறன். இதையும் பறிச்சுப்போட்டாங்கள் எண்டால் நான் என்ன செய்யிறது, சொல்லு" என்றார். நக்கலடிக்க வாய் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

பீல் ஆட்டம் தொடங்கியது. விசிலண்ணை "இடப்பக்கம்!" என்று கத்தினார். எங்கள் பெடியன்கள் இடப்பக்கம் ஓடினார்கள். அங்கே பீல் அணியின் ஒரு தடியன் ஏற்கெனவே வந்து நின்றான். "வலப்பக்கம்!" என்றார். அங்கேயும் அவன். "எறி!" என்றால் பந்து கையை விட்டுப் போகுமுன்பே அவன் அந்தரத்தில் நிற்கிறான். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை.

"ஆரடா இவன், சாத்திரம் சொல்லுறவனோ?" என்று விசிலண்ணை பல்லைக் கடித்தார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு அந்தத் தடியன் எங்கள் தச்சனைக் கோட்டோரம்வரை தள்ளிக்கொண்டு வந்து, விசிலண்ணையின் காலடியில் விழுத்தினான். விழுத்திய வேகத்தில் அவருடைய காலையும் மிதித்துவிட்டான்.

"எருமை மாடு! கண் தெரியேல்லையே?" என்று விசிலண்ணை நல்ல தமிழில் துள்ளினார்.

தடியன் எழும்பினான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அமைதியாக ஒரு குரல் வந்தது.

"கண் தெரியும் அண்ணை. காதும் கேக்கும்."

என் கையிலிருந்த கம்பு சரிந்தது. விசிலண்ணையின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

இடைவேளையில் அவர் ஒரு திட்டம் போட்டார். இனி இடம் என்றால் வலம், வலம் என்றால் இடம். சுவிஸ்காரனுக்கு ஒரு விதியைப் படிப்பித்தால் படிப்பித்ததுதான், மாற்ற முடியுமா? பாதிப் பேர் புது விதிப்படியும் மீதிப் பேர் பழைய விதிப்படியும் ஓடினார்கள். தச்சனும் தபால்காரனும் நேருக்கு நேர் மோதி விழுந்தார்கள். பீல் அணிக்காரர்கள் பாவப்பட்டுத் தூக்கிவிட்டார்கள்.

"அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், வாயை மூடுங்கோ" என்றேன்.

மூடினார். விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் ஜக்கெட் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றார். என்ன ஆச்சரியம், பெடியன்கள் தாங்களே ஒருவரோடொருவர் குசுகுசுத்துத் திட்டம் போட்டு விளையாடத் தொடங்கினார்கள். படிப்படியாகப் புள்ளி வித்தியாசம் குறைந்தது. கடைசி நிமிடத்தில் பந்து எல்லைக் கோட்டுக்கு இரண்டு பாய்ச்சல் தூரத்தில் இருந்தது. உள்ளே கொண்டுபோனால் வெற்றி, அண்ணைக்கு வேலையும் மிச்சம். பீல் ஆட்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் விரிந்து நின்றார்கள். நடுவில் வெளி. எனக்கே தெரிந்தது. ஐயோ, அவருக்கும் தெரிந்துவிட்டது!

விசில் வாயிலிருந்து விழுந்தது.

"நடுவாலை! நடுவாலை போ!"

தச்சன் நடுவால் போனான். தடியனும் நடுவுக்கு வந்தான். ஆட்டம் முடிந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பாலேயே அவருக்கு நாலு போட்டிருப்பேன். மனுசன் வேலையைத் தன் வாயாலேயே ஊதித் தள்ளிவிட்டார். அதற்குள் தடியன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தான். முப்பது வயது மதிக்கலாம். பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலையாம்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை" என்றான்.

அடிக்கப் போகிறார் என்று நான் குறுக்கே பாய்ந்தேன். விசிலண்ணை என்னைத் தள்ளிவிட்டு அவனுடைய தோளைப் பிடித்தார்.

"ஆர் உனக்குப் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்லை. வீடியோ பாத்துத்தான்."

"தமிழன்... இந்த விளையாட்டு..." தோளைப் பிடித்து உலுக்கினார். "இவ்வளவு காலமும் இதைப் பற்றித் தமிழிலை கதைக்க எனக்கு ஒரு மனுசன் இல்லையடா. வா, இதிலை இரு. நீ இடக்காலைப் பிழையா வைக்கிறாய்."

இரண்டு பேரும் புல்லில் இருந்து கதைத்தார்கள். சங்கத் தலைவர் கையில் கோப்பியோடு வந்து நின்றார், பிறகு ஆறிய கோப்பியோடு திரும்பிப் போனார். பீல் அணியின் பஸ் பல தடவை ஹோர்ன் அடித்தது.

அடுத்த வருடம் ஊஸ்டருக்கு அமெரிக்கர் வந்தார். விசிலண்ணையைத் தடியன் பீலுக்குக் கூட்டிப்போய்த் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டான். பருவம் தொடங்குமுன் இரண்டு அணிகளுக்கும் ஊஸ்டரில் ஒரு நட்பு ஆட்டம் நடந்தது, சங்கிலிக் கம்பு வழக்கம்போல் என் கையில். விசிலண்ணை எதிர்ப்பக்கம் நின்று, பழக்க தோஷத்தில் "இடப்பக்கம்!" என்று முழங்கினார். ஊஸ்டர் பெடியன்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் அந்தப் பக்கம் பாய்ந்து மறித்தார்கள். "மெர்சி, அண்ணை!" என்று நன்றி சொல்லித் தச்சன் கையசைத்தான். பாவி மனுசன், எதிரிக்குப் பாஷை படிப்பித்ததே தான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மிச்ச ஆட்டம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பீல் வென்றது. சங்கிலி பிடிக்கிறவன் எந்தப் பக்கத்துக்கும் கைதட்டக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். நான் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினேன். நடுவர் என்னை அந்த இடத்தைவிட்டுப் போகச் சொன்னார். போனேன். மைதானத்தைச் சுற்றிப் போய், விசிலண்ணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.