ஸ்பிண்டிலுக்கு எத்தனை அர்த்தம்?

மனிதரில் அர்த்தம்சொல்லி என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கேட்டால், தண்மை தனி, நீர் தனி என்று பிரித்துக் காட்டுவார். சொம்பு மட்டும் வராது.

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கம்பெனியின் ஹெட் கிளார்க்காக இருந்த பிரம்மநாயகம் அந்த இனத்தில் உயர்ந்த ரகம். அவர் மேஜையில் டெலிபோன் இருந்தது. அதை நம்பித்தான் தாராவியில் லேத் பட்டறை வைத்திருந்த உதுமான் ஒருநாள் காலையில் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, லேத்துல இரும்பப் புடிச்சுச் சுத்துற தண்டு, அந்த ஸ்பிண்டில் ஒடைஞ்சு போச்சு. டிராம்பே கம்பெனிச் சரக்கு நாளைக்குப் போவலன்னா ஆர்டரே கையவிட்டுப் போயிரும். நாக்தேவித் தெருக் கடையில ஒண்ணே ஒண்ணு கெடக்காம். எடுத்து வைக்கச் சொல்லுங்க, போதும்."

பிரம்மநாயகம் போன் போட்டார். "சேட், ஸ்பிண்டில் ஹை?"

"ஹை" என்றது மறுமுனை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா?

"கௌன்சா ஸ்பிண்டில்?" எந்த ஸ்பிண்டில் என்று அவரே கேட்டு, அவரே பதிலும் தொடங்கினார். மில்லில் நூல் சுற்றும் கதிரும் ஸ்பிண்டில்தான், கதவுக் கைப்பிடிக்குள் ஓடும் கம்பியும் அதுதான், குழாய் வால்வைத் திருகும் தண்டும், ஆபீசில் பில் குத்திவைக்கும் கூர்க்கம்பியும் அதுதான், குச்சிக்காலனின் காலைக்கூட வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்வான், தமிழில் கதிர் என்றாலோ அது சூரியனிடமும் உண்டு, நெல்லிலும் உண்டு என்று அவருடைய ஹிந்தி மூச்சு வாங்க ஓடியது. உதுமான் ரிசீவரைப் பறிக்கப் போனார். பிரம்மநாயகம் தோளைத் திருப்பிக்கொண்டார்.

"ஏக் மினிட்" என்றார் சேட்.

"எழுதிக்கப் பேப்பர் தேடுதான் போல" என்று பூரித்தார் பிரம்மநாயகம்.

சேட் திரும்பி வந்தார். "பிக் கயா." எதிரே நின்ற வாடிக்கையாளர் வாங்கிப் போய்விட்டாராம்.

"வித்துட்டானே, அண்ணாச்சி!"

"விக்குறதுன்னா ரெண்டு அர்த்தம் உண்டும்வே. கடையில விக்குறது ஒண்ணு, தொண்டையில..."

உதுமான் அதற்குள் தெருவில் இருந்தார். குர்லாவின் பழைய இரும்புக் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து, துருவேறிய ஒன்றைக் கண்டுபிடித்து, தேய்த்து, கடைந்து, மாட்டி, மறுநாள் மாலைக்குள் சரக்கை அனுப்பியபிறகுதான் டீயே குடித்தார்.

பிரம்மநாயகம் விசாரிக்க வந்தார். "லேத்துங்கிற வார்த்தை இருக்கே, வே..."

உதுமான் சுவிட்சைத் தட்டினார். லேத் அலறியது. பிரம்மநாயகத்தின் உதடுகள் அசைய அசைய, ஒரு சொல்லும் காதில் விழாத உதுமான் மனநிறைவோடு தலையாட்டினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் ஸ்பிண்டிலுக்கு இன்னோர் அர்த்தம் விட்டுப்போயிற்றே என்று உங்கள் நாக்கு துறுதுறுக்கிறதா? அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் எழுந்து ஓட ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.