பேட்டிக்கு முன் இரண்டு முட்டை

அந்த வேலை எனக்குக் கிடைக்கவே கூடாது. அதற்காக நான் தயாரானதுபோல ஜென்மத்தில் எதற்கும் தயாரானதில்லை.

ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. மத்தியானம் சோறும் மீன்குழம்பும். இரண்டிலிருந்து ஐந்துவரை தூக்கம். கட்டிக்கொள்ள நீளமான உருட்டுத் தலையணை. ஒரு வங்காளிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? என் மனைவி சிப்ராவுக்குத்தான் பொறுக்கவில்லை. கொல்கத்தாவில் எங்கள் பேஹாலா பகுதியில் ஹோமியோபதி டாக்டர் லாஹிரியிடம் கூட்டம் அலைமோதும். அவர் கிளினிக் வாசலில் உட்கார்ந்து, டோக்கன் பார்த்து நோயாளிகளை உள்ளே விட ஆள் வேண்டுமாம். நேரம் மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு. அநியாயம்!

"என்னைக் கேக்காம ஏன் பேரு குடுத்த?"

"கேட்டா முடியாதும்பீங்க."

"இப்பவும் முடியாதுன்னுதான் சொல்றேன்."

"அதான் கேக்கல."

ஒரு வாரம் ஒத்திகை. அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் நறுக்கியபடியே சிப்ரா டாக்டர் ஆகிவிடுவாள். அரிவாள்மணையோடு கேள்வி கேட்டால் எவனுக்குத் தைரியம் வரும்?

"உங்க பெரிய குறை என்ன?"

"கல்யாணம்."

"குனியாதீங்க. கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

"கல்யாணம்!"

"இதுதாங்க தன்னம்பிக்கை. அங்கயும் இப்படியே பேசுங்க. மனசுல உள்ளதை மறைக்காதீங்க."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது! மனதில் உள்ளதைச் சொன்னால் எவனும் வேலை தரமாட்டான் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

பேட்டி நாளன்று நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து அனுப்பினாள். அதை வைத்துக்கொண்டு போனால் காரியம் ஜெயம் என்பது எங்கள் நம்பிக்கை. முட்டை மட்டும் சாப்பிடக் கூடாது, முட்டைதான் கிடைக்கும். தெருமுனை திரும்பியதும் பொட்டை அழித்தேன். டீக்கடையில் அவித்த முட்டை ஒன்று தின்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் தின்றேன்.

டாக்டர் லாஹிரிக்கு எழுபது வயதிருக்கும். அரைத் தூக்கத்தில் இருப்பவர்போல இருந்தார்.

"அனுபவம் உண்டா, சாமந்தா பாபு?"

"கிடையாது."

"டோக்கன் இல்லாம வந்து, ஒரே நிமிஷம், ரிப்போர்ட்டை மட்டும் காட்டிட்டுப் போயிடறேன்னு கெஞ்சினா?"

"நாளைக்கு வான்னுவேன்."

"அழுதா?"

"நாளைக்கு வந்து அழச் சொல்வேன்."

"என் மச்சான் வந்தா?"

"ஏன், அவருக்கு டோக்கன் எடுக்கக் கை கிடையாதா?"

"உள்ள விடுன்னு நானே சொன்னா?"

"உங்க வேலை மருந்து குடுக்கறது. குறுக்க வராதீங்க!"

கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார் என்று எழுந்து தயாராக நின்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இதுவரைக்கும் மூணு பேரை வெச்சேன். மூணு பேரும் நல்லவங்க. கேட்டவங்களை எல்லாம் உள்ள விட்டாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலிய விட்டு எந்திரிக்க வேண்டியவன் ராத்திரி பத்து மணிக்கு எந்திரிக்கறேன். நாளைக்கே வந்துடுங்க."

"முடியாது!" என்று கத்தினேன்.

"அடடா, இந்தக் குரலைத்தான் உங்க மனைவி போன வாரம் வந்து சொல்லிட்டுப் போனாங்க. தயிர்ப் பொட்டை அழிச்சுட்டு, முட்டை தின்னுட்டு வருவாரு, கோவிச்சுக்காம எடுத்துக்குங்கன்னாங்க. மீசையில மஞ்சக்கரு ஒட்டியிருக்கு, துடைச்சுக்குங்க."

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன்.

"என்னை ஏமாத்திட்ட!"

"நானா? பூரி ஜெகந்நாதர் கோயிலுக்குப் போலாமான்னேன், முடியாதுன்னீங்க. சிலிண்டர் மாத்துங்கன்னேன், முடியாதுன்னீங்க. முப்பது வருஷமா இந்த ஒரு வார்த்தையை உங்களைப்போல தைரியமா சொல்ற ஆளை நான் பாத்ததே இல்ல. வீட்டுல கிடந்து வீணாப் போகுதேன்னு பாத்தேன்."

"என் தூக்கம் போச்சே!"

"உங்க குறட்டையில மூணு மாசமா என் தூக்கம் போச்சே, அதைக் கேட்டீங்களா?"

மறுநாள் சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்றரை. கண் சொக்கியது. படுக்கையறையை எட்டிப் பார்த்தேன். என் இடத்தில், என் தலையணையைக் கட்டிக்கொண்டு சிப்ரா படுத்திருந்தாள்.

"சிப்ரா, ஒரே நிமிஷம். கண்ணை மட்டும் மூடிட்டுப் போயிடறேனே?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டோக்கன் இருக்கா?"