மூன்றாமிடமும் என் மகளின் லீவும்

செவ்வாய்க்கிழமை, காலை

எல்லா நலனும் பெற்று நெடுநாள் வாழவேண்டிய என் அருமை மகளுக்கு,

அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம். அங்கே நீயும், உன் பொறுப்பில் இருக்கும் இருபத்தாறு ஆட்டக்காரர்களின் ஐம்பத்திரண்டு கால்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதினேன். அந்தக் கால்கள் அத்தனை சௌக்கியமாக இல்லாமலிருந்தால் எனக்கு நல்லது என்பதுதான் விஷயம். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் அந்தப் பக்கம் எவனாவது ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. "அப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் மூன்று நாள் கழித்து வருகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் பேசி முடிக்கிறவரை யாரும் குறுக்கே வர முடியாது. எழுதி முடித்ததும் சலூன்காரர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இதைப் படிக்காமல் அனுப்ப வேண்டும். படித்துவிட்டால் அந்தக் கடைக்குள் எனக்கு இனி நாற்காலி கிடையாது. ஏனென்று போகப்போகத் தெரியும்.

கால்பந்துப் போட்டிக்குக் கிளம்பும்போது நீ சொன்னது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அப்பா, எங்க டீம் ரொம்பச் சின்ன நாடு. இவ்வளவு பெரிய போட்டிக்கு இப்பதான் முதல் தடவையா வந்திருக்காங்க. குரூப்லயே வெளிய வந்துட்டா எனக்குப் பத்து நாள் லீவு. நேரா வீட்டுக்கு வந்துடுவேன். அடுத்த ரவுண்டுக்குப் போயிட்டா லீவு கிடையாது, அப்படியே அடுத்த கேம்ப்புக்குப் போகணும்." நீ வீட்டுக்கு வந்து ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. உன் அம்மா இருந்தவரை இந்தக் கணக்கை அவள் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த இலாகாவும் என்னிடம் வந்துவிட்டது. ஆக, பந்து உருண்டையா சதுரமா என்றுகூடக் கவலைப்படாமல் அறுபத்தாறு வயது வரை நிம்மதியாக இருந்த நான், ஒரு நோட்டும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் டைம் டேபிள் போட்டவனுக்கு இந்தப் போட்டி அட்டவணை எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்தத் திமிருக்கு நல்ல பலன் கிடைத்தது.

முதல் கோளாறு ஊர்களால் வந்தது. உன் அணிக்கு மூன்று ஆட்டம், மூன்றும் மூன்று ஊரில். முதல் ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, இரண்டாவது ஊர் மலைமேல், மூன்றாவது ஊரில் மழை. எங்கள் டிப்போவில் எவனாவது ஒரு வண்டியை இப்படி ஆள் ஏற்றாமல் அங்கும் இங்கும் ஓடவிட்டிருந்தால் அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். சரி, நீ எந்த ஊரில் இருக்கிறாயோ அந்த ஊர் நேரம் எனக்குத் தெரிய வேண்டுமே என்று கூடத்துக் கடிகாரத்தை மூன்று மணி நேரம் முன்னால் திருப்பி வைத்தேன். நீ சாப்பிடும் நேரம் இது, நீ பயிற்சிக்குப் போகும் நேரம் இது என்று பார்த்துக்கொண்டிருக்க நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதரைக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்ததால் கடிகாரத்தைப் பார்த்து ஒன்பதுக்குக் கிளம்பினேன். வெளிச்சம் குறைவாக இருந்தது. மேகம் என்று நினைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் என் கண் இன்னும் மோசமாகிவிட்டது என்று பயந்துகொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார், டாக்டர் எழுந்திருக்கவே இன்னும் நேரம் இருக்கே" என்றார். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட மூன்று மணி நேரம் முன்னால் கிளப்பியதில்லை. என்னையே கிளப்பிவிட்டேன்.

ஆட்டம் பார்ப்பது சலூனில். வீட்டில் டிவி இல்லையா என்று கேட்காதே. இருக்கிறது, அதில் எல்லாம் தெரிகிறது. ஆனால் தனியாக உட்கார்ந்துகொண்டு "ஐயோ, போச்சு" என்று கத்திப் பார்த்தேன், அந்தச் சத்தம் கூடத்தைச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. பிடிக்கவில்லை. சலூனில் சும்மா உட்கார முடியுமா? ஷேவ் பண்ணிக்கொள்கிறேன். பத்து நாளில் ஏழு ஷேவிங். நேற்று சலூன்காரர் என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இனிமே எடுக்கணும்னா தோலத்தான் எடுக்கணும். சும்மாவே உக்காருங்க, யாரு உங்கள எழுந்திரிங்கன்னு சொன்னது?" என்றார். பக்கத்துக் கடைத் தையல்காரரும் ஆட்டம் தொடங்கினால் மெஷினை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறார். உன் அணியின் நாட்டுப் பெயரை இருவருக்கும் சரியாகச் சொல்ல வராது. "நம்ம வீட்டுப் பொண்ணு டீம்" என்றுதான் சொல்கிறார்கள். தையல்காரர் கொடியே தைத்து மாட்டிவிட்டார். இத்தனை பேர் உன் அணி ஜெயிக்க வேண்டுமென்று தவித்துக்கொண்டிருக்கும் இடத்தில், அது தோற்க வேண்டுமென்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, முகத்தில் சோப்பு நுரையுடன் உட்கார்ந்திருக்கிறேன் நான். நுரை இருப்பது ஒரு வகையில் நல்லது, முகம் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரன் எவனாவது அடிபட்டு விழுந்தால்தான் டிவியில் நீ வருகிறாய். பிசியோதெரபிப் பையைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடி ஓடுகிறாய், அவன் காலைப் பிடித்துப் பார்க்கிறாய், ஏதோ கேட்கிறாய், மருந்து அடிக்கிறாய், திரும்பி ஓடுகிறாய். முதல் ஆட்டத்தில் இரண்டு தடவை வந்தாய். இரண்டும் சேர்த்து நாற்பது வினாடி. ஆள் விழுந்ததும் சலூனே "அடடா" என்று உச்சுக்கொட்டும்போது நான் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறேன். உங்கள் அணியில் இடது கெண்டைக்காலில் கட்டுப் போட்ட ஒருவன் இருக்கிறானே, அவன்தான் எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரன். காற்று பலமாக அடித்தாலே விழுந்துவிடுகிறான், தங்கமான பையன். நீ இளைத்துவிட்டாய். முடியையும் வெட்டிவிட்டாய், அதை என்னிடம் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றீர்கள். இரண்டாவது ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம், அதுவும் தோல்வி. நான் நேராக வந்து உன் அறையைத் திறந்தேன். அங்கே அடைத்து வைத்திருந்த என் பழைய டைம் டேபிள் கட்டுகளை எல்லாம் பரணுக்கு ஏற்றினேன். பல்பு மாற்றினேன். ஜன்னல் திரைக்கு அளவு எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனேன். "என்ன சார் திடீர்னு?" என்றார். "பழசு கிழிஞ்சிடுச்சு" என்று புளுகினேன். நான் மெத்தை விரிப்பை உதறிக்கொண்டிருக்கும்போதுதான் உன் போன் வந்தது. "அப்பா, ரூம்ல யாருமே பேச மாட்டேங்கறாங்க. ஒருத்தன் என் தோள்ல சாஞ்சு சின்னக் குழந்தை மாதிரி அழுதான்பா. எனக்கும் அழுகை வந்துடுச்சு" என்றாய். "விடும்மா, அடுத்த ஆட்டம் இருக்குல்ல" என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என்று எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது ஆட்டத்துக்கு அட்டவணையைப் பார்த்தால் அதே நாள், அதே நேரம், உங்கள் குரூப்பின் இன்னொரு ஆட்டம் வேறொரு ஊரில்! "யாரோ தூக்கக் கலக்கத்துல போட்டிருக்கான்யா. ஒரே நேரத்துல ரெண்டு ஆட்டமா? மனுஷன் எதைப் பார்ப்பான்?" என்று சலூனில் பெரிய பிரசங்கம் பண்ணினேன். அட்டவணை போட்டவருக்கு ஒரு காரமான கடிதம் எழுதுவதாகவும் இருந்தேன். சலூன்காரர்தான் கத்தியைத் துடைத்தபடி, "இல்ல சார், வேணும்னுதான் அப்படி வைக்கறாங்க. ஒரு ஆட்டம் முன்னாடி முடிஞ்சிட்டா, அடுத்ததுல ஆடறவங்க கணக்குப் போட்டு, உனக்கும் நஷ்டமில்ல எனக்கும் நஷ்டமில்லன்னு பேசி வச்சுக்குவாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் டிப்போவிலும் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். பின்னால் வரும் வண்டி கூட்டத்தை ஏற்றிக்கொள்ளட்டும் என்று ஒருவர் முன்னால் காலியாகப் பறப்பார், அடுத்த நாள் மற்றவர். நான் இரண்டு பேரையும் இரண்டு வாசலிலிருந்து ஒரே நிமிடத்தில் கிளப்பிவிட்டேன். அந்த அட்டவணைக்காரர் மனிதர்களைத் தெரிந்தவர். அவருக்கு எழுத இருந்த கடிதத்தைக் கைவிட்டேன்.

அந்த ஆட்டத்தில்தான் நேற்று நீங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துவிட்டீர்கள். கோல் போட்டவன் யார்? என் கெண்டைக்கால் பையன்! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஆனாலும் நாலு அணியில் உங்களுக்கு மூன்றாமிடம்தான். முதல் இரண்டும் மேலே போகும், மூன்றாமிடம் மூட்டை கட்டும் என்று நிம்மதியாக எழுந்தேன். "எங்க சார் கிளம்பிட்டீங்க? மூணாவது வந்தவங்கள்லயும் நல்லா ஆடின எட்டு டீமை உள்ள எடுப்பாங்களே" என்றார் தையல்காரர். பன்னிரண்டு குரூப்பாம், பன்னிரண்டு மூன்றாமிடமாம், அதில் எட்டுக்கு வாழ்வாம். முதலில் புள்ளி பார்ப்பார்கள், அது சமமானால் வாங்கிய கோலுக்கும் போட்ட கோலுக்கும் உள்ள வித்தியாசம், அதுவும் சமமானால் போட்ட கோல் எத்தனை, அதுவும் சமமானால் யார் குறைவாக மஞ்சள் அட்டை வாங்கினார்கள் என்று எண்ணுவார்களாம். இவ்வளவு சலித்து நான் உனக்கு மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு குரூப்பையும் கட்டம் போட்டு எழுதிப் பார்த்துவிட்டேன். ஏழு இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு இடம். அதற்கு நீங்களும் இன்னொரு அணியும்தான் போட்டி. அந்த அணிக்கு நாளைக்கு ஆட்டம் இருக்கிறது. அது தோற்றால்தான் உங்களுக்கு வழி. யாரிடம் தோற்க வேண்டும் தெரியுமா? இரண்டு ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கி, ஓட்டல் அறையைக் காலி செய்யக் காத்திருக்கும் ஒரு அணியிடம். நடக்கிற காரியமா? என் கட்டங்கள் பொய் சொன்னதில்லை. ஆகவே நாளைக்கு நீங்கள் வெளியே, வெள்ளிக்கிழமை நீ வீட்டில். மத்தியான வண்டியில் வந்தால் நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன்னைக் கூப்பிட இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நேராகவே சொல்லியிருக்கலாம், எனக்கு அது வரவில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதம்மா. வாசல் மணி அடித்தால் ஓடிப்போய்த் திறக்கிறேன், பக்கத்து வீட்டுக்கு வந்தவர் தவறி அடித்திருப்பார். அவரையும் உடனே அனுப்ப மனசு வராமல் வழியை இரண்டு தடவை சொல்கிறேன். பத்து நாள் நீ பேசக்கூட வேண்டாம், தூங்கினால் போதும். உள்ளே ஒரு ஆள் தூங்குகிறது, சத்தம் போடக் கூடாது என்று நான் மெதுவாக நடக்க வேண்டும். எனக்கு அது போதும்.

அழுத அந்தப் பையனிடம் அப்பா விசாரித்ததாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. கடவுள் உனக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டார்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கும்
உன் அப்பா

பி.கு.: (புதன் மாலை) மேலே எழுதியது எல்லாம் ரத்து. தோற்கவே முடியாத அணி தோற்றுவிட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். கடைசி நிமிடத்தில் அவர்கள் ஆள் ஒருவன் ஆத்திரம் தாங்காமல் பந்தை எடுத்துக் கூட்டத்துக்குள் உதைத்தான், நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். உங்களுக்கும் அவர்களுக்கும் புள்ளி சமம், கோல் வித்தியாசம் சமம், போட்ட கோலும் சமம். சலூனே திரும்பி என்னைப் பார்த்தது. "சார், இப்ப என்ன ஆகும்? நீங்கதான் சொல்லணும்" என்றார் சலூன்காரர். நோட்டைப் பிரித்தேன். அவர்களுக்கு ஐந்து மஞ்சள் அட்டை, உங்களுக்கு நாலு. அந்த மடையன் ஒரு நிமிடம் பொறுமையாக இருந்திருந்தால் சீட்டுக் குலுக்கியிருப்பார்கள், எனக்கும் பாதி வாய்ப்பு இருந்திருக்கும். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வாயைத் திறந்தால், "நம்ம டீம் உள்ள போயாச்சு!" என்று கத்துகிறேன். தையல்காரர் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார். டிவியில் உங்கள் ஓட்டல் கூடத்தைக் காட்டினார்கள். எல்லோரும் நாற்காலிமேல் ஏறிக் குதிக்கிறார்கள், நடுவில் நீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாய். ஒரு முழு நிமிடம் காட்டினார்கள். உன் அம்மா போன பிறகு நீ இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் கை தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை நீ வரமாட்டாய் என்பது உறைத்தது. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சமன் என்பதே கிடையாதாம், தோற்றால் வெளியே. தோற்றாலும் உனக்கு லீவு இல்லை, ஆகவே தோற்பதில் யாருக்கும் லாபமில்லை. நன்றாக ஆடச் சொல். நிதானமாக ஜெயித்துவிட்டு வா அம்மா. நான் எங்கே போய்விடப் போகிறேன்.