பேருந்தின் முதுகில் சிரித்த வக்கீல்

மூன்றாவது வக்கீலையும் ஓபல் திருப்பி அனுப்பியபோது, அறைத்தோழி வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அமெரிக்காவின் டொலிடோ நகரத்து முதியோர் விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. பணிப்பெண் ஒருத்தி வெடுக்கென்று இழுத்ததில் ஓபலின் கை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. வக்கீல் பிடிக்கலாம் என்று கிளம்பியவள் வெர்னாதான். கையில் காசு இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஜெயித்தால் வக்கீலுக்கு மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை. பேசிப் பார்ப்பது இலவசம். ஓபல் போட்ட ஒரே நிபந்தனை, போனில் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது. பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று வெர்னா விட்டுவிட்டாள்.

முதல் வக்கீலின் மீசை ஓபலுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாமவர் கைக்கடிகாரத்தையே பார்த்தாராம். மூன்றாவதாக வந்த பெண், ஓபலின் கையைத் தடவி அழாத குறையாகப் பேசினாள். அவளும் வேண்டாமாம்.

"பின்ன யாருதான்டி வேணும் உனக்கு?"

ஓபல் ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். நிறுத்தத்தில் நின்ற பேருந்தின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரத்தில், கர்ட்டிஸ் என்ற பிரபல வக்கீல் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தினமும் அந்தப் பேருந்து வரும் நேரத்தில் ஓபலின் சக்கர நாற்காலி ஜன்னலோரம்தான் இருக்கும். பேருந்து தெருமுனையில் மறையும்வரை கண்ணை எடுக்க மாட்டாள். அந்த ஏக்கத்தைப் பார்க்க வெர்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இந்த வயதில் இவளுக்கு வந்த ஆசையைப் பார்.

பெரிய வழக்கென்றால் மட்டுமே கர்ட்டிஸ் நேரில் வருவார் என்றது அவர் அலுவலகம். உடனே வெர்னா கன்றலை எலும்பு முறிவாக்கினாள். நடைக்கூடத்து போனில் பேசியதால் அது மேலாளர் காதுக்கும் எட்டியது. மறுநாள் சூப் சூடாக வந்தது. மணி அடிக்கும் முன்பே ஆள் வந்து நின்றது. கன்றிய இடத்தில் ஆளுக்கொரு மருந்து தடவினார்கள்.

இப்படிக் கவனித்தால் வழக்கே தேறாது என்று வெர்னா பதறினாள். கடைசியாக, வேறொரு வக்கீல் இந்த வழக்கை எடுக்கப் போவதாகப் போனில் ஒரு போடு போட்டாள். அன்று பிற்பகலே கர்ட்டிஸ் வந்துவிட்டார்.

ஓபல் உதட்டுச்சாயம் பூசி, தலை வாரிக் காத்திருந்தாள். கறுப்புக் கண்ணாடியும் தாழ்த்திய தொப்பியுமாக, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பவரைப் போல அவர் உள்ளே நுழைந்தார். கையிலிருந்த கோப்பைப் பார்த்தபடியே ஒப்பிக்க ஆரம்பித்தார்: ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு...

"முழுசையும் நீயே எடுத்துக்கோ," என்றாள் ஓபல். "மொதல்ல கொஞ்ச நேரம் உக்காரு."

கோப்பு கீழே விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி, கன்றிய கையை வெகுநேரம் பார்த்தார். பேருந்துச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாம்மா?"

"பண்ணாமலா இருந்தேன்? உன் அம்மான்னு சொன்னப்பல்லாம் நீ மீட்டிங்ல இருந்தடா."