ஆட்களும் சாமான்களும் சேர்த்து 1,420 பவுண்டு

பெரிய பிக்கப் வண்டி ஒன்று வாங்கியே தீருவது என்று நான் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டு வாசலில், லைல் அண்ணன் என்னை அவமானப்படுத்திய மூன்றாவது நிமிஷத்தில்.

லைல் பக்கத்து வீட்டுக்காரர். முப்பத்தோரு வருஷம் நாடு முழுக்கச் சரக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் மெர்ல். நெப்ராஸ்காவில் விதைக் கடை ஒன்றில் வேலை. அடுத்த சனிக்கிழமை, படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள எங்கள் டிரெய்லரைப் பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு, மனைவி டோரீனோடு பிளாக் ஹில்ஸ் மலைக்கு ஒரு வாரம் போவதாகத் திட்டம். அங்கே ஏரியில் மீன் எனக்காகக் காத்திருந்தது. போன வருஷமும் காத்திருந்தது. அப்போது மழை.

லைல் காப்பிக் கோப்பையோடு வந்து டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பிக்கப்பைப் பார்த்தார்.

"ஏம்ப்பா மெர்ல், இதை வச்சா அதை இழுக்கப் போறே?"

"பத்தாயிரம் பவுண்டு இழுக்கும் அண்ணே. விளம்பரத்துலயே போட்டிருக்கான்."

"விளம்பரத்துல வண்டி பக்கத்துல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டு நின்னிருக்குமே. அதையும் சேர்த்துக் குடுத்தானா?"

"இல்லையே."

"அப்ப அந்தப் பத்தாயிரத்தை மட்டும் எப்படி நம்பினே? டிரைவர் கதவைத் தொற. ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். படி."

திறந்தேன். ஏழு வருஷமாகத் தினமும் திறக்கிற கதவு. சீட்டு இருந்தது. 'ஆட்களும் சாமான்களும் சேர்த்து 1,420 பவுண்டுக்கு மேல் போகவே கூடாது.'

"டிரெய்லர் சாமான் கணக்குல வராதே அண்ணே. அதுக்குத்தான் தனியா சக்கரம் இருக்கே?"

"மூக்கை எங்க வச்சிருக்கு? உன் வண்டி முதுகுல. அந்த மூக்கு மட்டும் எழுநூத்தம்பது பவுண்டு. இழுக்கிறது வேற, சுமக்கிறது வேறப்பா. உன் வண்டி நல்லா இழுக்கும். சுமக்கத்தான் யோசிக்கும்."

அவமானம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அப்புறம் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. ஏனென்றால் மலையேறினால் வண்டி மூச்சு வாங்குகிறது என்று சொல்லி, இரண்டு வருஷமாகப் பெரிய பிக்கப் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். டோரீன் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்: "ஓடுற வண்டிக்கு என்னங்க கேடு?" இப்போது கம்பெனிக்காரனே எழுதி ஒட்டிய சாட்சி என் கையில். வண்டி தாங்காது. உயிருக்கு ஆபத்து. யார் உயிருக்கு? டோரீன் உயிருக்கு! இதைவிட அன்பான காரணம் ஒரு புருஷனுக்குக் கிடைக்குமா?

பேப்பரில் எழுதிக் கூட்டினேன். மூக்கு, கொக்கிச் சாமான், அவள், நான், என் ஜெனரேட்டர், என் கருவிகள், என் மீன்பிடி சாமான். நான் இருநூற்று நாற்பத்தாறு பவுண்டு. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மொத்தம் ஆயிரத்து முந்நூற்று அறுபது.

அறுபது பவுண்டு மிச்சம். அந்தப் பாழாய்ப்போன வண்டி தாங்கித் தொலைத்தது!

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் பேப்பரைக் கிழித்துப் போட்டிருப்பான். நான் நிலவறைக்குப் போனேன். எங்கள் ஊர்த் தண்ணீர் வாயில் ஊற்றினால் பல் உடையும். அதன் கடினத்தைப் போக்க நிலவறையில் ஒரு மெஷின் உண்டு. அது உப்பு தின்னும். அதற்காக ஆறு மூட்டை உப்பு அடுக்கி வைத்திருந்தோம். மூட்டைக்கு நாற்பது பவுண்டு. டோரீன் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் ஆறையும் தூக்கி, பிக்கப்பின் பின்பக்கம் இருக்கிற இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது. பெரிய காரியம் என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு வந்த டோரீன் துண்டோடு நின்றாள்.

"என்னங்க, சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது."

"சோப்பு சரியில்லையா இருக்கும்."

"ரெண்டு நாள் முன்னாடி நுரைச்ச அதே சோப்புங்க."

"அப்ப பழசாயிடுச்சு."

"இருக்கும்," என்றாள். பிறகு வேறு விஷயத்துக்குப் போனாள். "வெல்டாவுக்கு அந்தத் தையல் மெஷினையும் சோள ஜாடிங்களையும் இந்தத் தடவையாவது எடுத்துட்டுப் போலாமா?"

வெல்டா அவள் தங்கை. மலைக்குப் பக்கத்திலேயே வீடு. அந்த இரும்புத் தையல் மெஷினை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று டோரீன் மூன்று வருஷமாகக் கேட்கிறாள். நான் மூன்று வருஷமாக மறுக்கிறேன்.

"வெயிட்டும்மா! சீட்டைப் படிச்சியா? ஒரு ஊசி கூட ஏத்த முடியாது."

"சரிங்க," என்றாள். இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் சந்தேகப்பட வேண்டும். இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை டிரெய்லரை மாட்டி, டோரீனையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்து எடைமேடைக்கு ஓட்டினேன். போவதற்கு முன் குனிந்து பார்த்தேன். பின்பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. உப்பு தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

மேடையில் ஏற்றி நிறுத்தினேன். இருவரும் கடைக்குள் போய் எடைச் சீட்டு வாங்கினோம். அங்கே லைல் அண்ணன் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கி டாக்டர் மாதிரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"நூத்தி எண்பது பவுண்டு அதிகம்."

"ஐயோ!" என்றேன். கண்ணாடி முன்னால் நின்று பழகிய ஐயோ.

"அப்ப என்னங்க பண்றது?" என்றாள் டோரீன். "ஜெனரேட்டரை வீட்டுல வச்சிடலாமா?"

"ராத்திரி கரன்ட் போனா?"

"கருவிப் பெட்டி?"

"நடுக்காட்டுல வண்டி நின்னா?"

"தூண்டிலுங்க?"

"டோரீன்! எதையும் இறக்க முடியாதும்மா. ஒரு திருகாணி கூட. எல்லாம் அத்தியாவசியம். இந்தச் சீட்டு பொய் சொல்லாது. வண்டிதான் பத்தலை."

"எதையுமே இறக்க முடியாதா?"

"முடியவே முடியாது. அண்ணனே சாட்சி."

லைல் முள்கரண்டியை வைத்தார். "சட்டம் சட்டம்தாம்மா. ஏறினது இறங்கலைன்னா மலையில பிரேக் பிடிக்காது."

டோரீன் கதவோரச் சீட்டை நினைவிலிருந்தே சொன்னாள். "ஆட்களும் சாமான்களும் சேர்த்துன்னுதானே அண்ணே போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

"ஆட்கள்தான் முதல்ல போட்டிருக்கு."

"ஆமா," என்றார் லைல். சிரிப்பை அடக்கப் பலகாரத்தில் ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"சாமானை இறக்க முடியாது. அப்ப ஆள்தான். நான் இறங்கினா நூத்தி நாப்பத்தி நாலுதான் குறையும். இன்னும் முப்பத்தாறு இடிக்குது. நீங்க இறங்கினா இருநூத்தி நாப்பத்தாறு. அறுபத்தாறு மிச்சம் வேற வருது. வழியில பூசணிக்காய் வாங்கிக்கலாம்."

"இருநூத்தி நாப்பத்தாறுன்னு உனக்கு யார் சொன்னது?"

"கூட்டல் போட்ட பேப்பரை சமையல் மேசையிலயே விட்டுட்டுப் போனீங்களே."

லைல் கடைக்காரப் பெண்ணிடம் இன்னொரு காப்பி கேட்டார். எனக்கும் சேர்த்து.

"டிரெய்லரை யாரு ஓட்டுவா?" என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். டோரீன் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். பதினாலு வயதில் மாடு ஏற்றிய டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டிக் கொட்டகைக்குள் விட்டவள். முகாமில் எப்போதும் அவள்தான் பின்னால் எடுப்பாள். நான் வெளியே நின்று கை காட்டுவேன். அந்தக் கையை அவள் பார்ப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் யோசித்தேன். வாயைத் திறந்தால் பெரிய வண்டி போச்சு. திறக்காவிட்டால் மீன் போச்சு. எங்கள் வீட்டில் வேறு கார் கிடையாது. சனிக்கிழமை காலை டோரீன் டிரைவர் இருக்கையில் ஏறி, எனக்காக எப்போதும் பின்னுக்குத் தள்ளியே இருக்கும் அந்த இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். அந்தச் சத்தத்தில் நான் உடைந்துவிட்டேன்.

"நில்லு! ஒரு உண்மை சொல்லணும். வெயிட்டு நிஜம் இல்லைம்மா. பெட்டிக்குள்ள உப்பு இருக்கு. ஆறு மூட்டை. நான்தான் வச்சேன். பெரிய வண்டி ஆசையில புத்தி கெட்டுப் போச்சு. இப்பவே இறக்கிடறேன், ரெண்டு பேரும் போலாம்."

"உப்பா? பெட்டியிலயா?" என்றாள்.

சாவியை எடுத்துத் திறந்தேன். உள்ளே போர்வை சுற்றிய இரும்புத் தையல் மெஷின். அதைச் சுற்றி நாலு பெட்டி சோள ஜாடி. வரிசையாக, ஆடாமல், நடுவில் துணி வைத்து. உப்பு ஒரு கல் கூட இல்லை.

"உப்பு நிலவறையிலதாங்க இருக்கு. செவ்வாய்க்கிழமையே மெஷினுக்குப் போட்டுட்டேன். சோப்பு நுரைக்கலைன்னதும் கீழே போய்ப் பார்த்தேன். அப்புறம் பெட்டியைப் பார்த்தேன். ரெண்டாவது சாவி எங்கிட்டதான் இருக்கு, மறந்துட்டீங்களா?"

"எடை அப்படியே இருந்துதே!"

"பாத்ரூம் எடை மெஷின்ல ஒவ்வொண்ணா நிறுத்து வச்சேன். இருநூத்தி நாப்பது. ஒரு பவுண்டு கூடலை, குறையலை. உங்க கணக்கைக் கெடுக்கக் கூடாதில்ல?"

"அப்ப இதை இறக்கிடலாமே டோரீன்!"

"எதையும் இறக்க முடியாதுன்னு லைல் அண்ணன் முன்னாடி சொன்னது யாருங்க? ஒரு திருகாணி கூட இறக்க முடியாதுன்னீங்க. தையல் மெஷின்ல பதினேழு திருகாணி இருக்கு."

வேலிக்கு அந்தப்பக்கம் லைல் அண்ணன் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரே செடிக்கு வெகுநேரமாக.

டோரீன் கதவுக் கண்ணாடியை இறக்கினாள். "பிரிட்ஜ்ல நாலு நாளைக்குச் சமைச்சு வச்சிருக்கேன். அஞ்சாம் நாளுக்கு முட்டை இருக்கு. தூண்டிலெல்லாம் வண்டியிலயே இருக்கட்டும், அத்தியாவசியமாச்சே. வெல்டாவுக்கு மீன் பிடிக்கப் பிடிக்கும்." வண்டி தெருமுனையில் திரும்பியது. டிரெய்லர் கூட ஒரு ஆட்டம் ஆடவில்லை.

உள்ளே போய்க் குளித்தேன். சோப்பு நுரைத்தது. ஏகத்துக்கு நுரைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வந்தது. பின்னால் வெல்டா சிரிக்கிற சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன.

"மலையேறும்போது வண்டி எப்படிம்மா இழுத்துது?" என்று கேட்டேன். கடைசி நம்பிக்கை அதுதான்.

"அதை ஏன் கேக்கறீங்க, பஞ்சு மாதிரி இழுத்துதுங்க. இத்தனை வருஷமா வண்டியிலதான் கோளாறுன்னு நினைச்சுட்டிருந்தோம்."