தோற்க வந்த தம்பிராஜா

தம்பிராஜா கையிலிருந்த சீட்டை விரித்துப் பார்த்தார். இரண்டு ராஜா, இரண்டு ஒன்பது, கூடவே உதவாத ஒரு மூன்று. தோற்பதற்கென்று வந்த இடத்தில் இப்படியா ஒரு கை வந்து தொலைய வேண்டும்?

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதைக் கொண்டாடுகிறோம் என்று காஜா பேராங் மனமகிழ் மன்றத்தார் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போக்கர் போட்டி வைத்திருந்தார்கள். பணம் கிடையாது, ஆளுக்கு நூறு ரப்பர் கொட்டை. ஐந்து சீட்டு வாங்கி, கொட்டையை வைத்து, வேண்டாத சீட்டை ஒரே ஒரு தடவை மாற்றிக்கொண்டு, மறுபடியும் கொட்டை வைக்க வேண்டும். கொட்டை தீர்ந்தவர் வீட்டுக்குப் போகலாம். கடைசிவரை நிற்பவருக்கு ஒரு கோப்பை. பதினாறு பேரில் மூவர்தான் மிச்சம், மூவருமே ஒரே அலுவலகத்துக் கிராணிகள், அதாவது எழுத்தர்கள்.

எதிரே பெரிய கிராணி கலியாணசுந்தரம் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்து வெள்ளைக்காரத் துரை நேற்றுத்தான் கப்பலேறியிருந்தார். காலியான நாற்காலி கலியாணசுந்தரத்துக்குத்தான் என்று தம்பிராஜா தாமாகவே முடிவு கட்டிவிட்டார். அப்படியானால் பெரிய கிராணி வேலை காலி. அதற்கு ஆளைச் சிபாரிசு செய்யப்போகிற கலியாணசுந்தரம், எல்லார் முன்னாலும் தம்மைத் தோற்கடித்தவன் பெயரையா சொல்வார்? தம்பிராஜாவின் மனைவி கோகிலா வேறு, பெரிய கிராணி வீட்டம்மாவுக்கு ஏற்ற சேலை என்று ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் ஒன்றை எடுத்து, உடுத்தியும் பார்த்துவிட்டாள். தோற்காமல் வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்காது.

ஆனால் சட்டென்று சீட்டைப் போட்டுவிடவும் முடியாது. நடுவில் நல்லையா இருந்தார். பழைய கோப்பு அறையில் வேலை. வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தனியாக உட்கார்ந்து தின்கிற ஊமைக்கோட்டான். கலியாணசுந்தரத்துக்கோ ஆட்டம் அரைகுறை. தனியே விட்டால் நல்லையா அவரை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுவார். ஆக, முதலில் நல்லையாவை விரட்ட வேண்டும், அப்புறம் பெரிய கிராணியிடம் தோற்க வேண்டும்.

இரண்டு ஜோடி என்பது ரெண்டுங்கெட்டான் கை. ஒருவரைச் சமாளிக்கப் போதும். இரண்டு பேர் கூடவே வந்தால், யாராவது ஒருவருக்கு ஒரே மாதிரி மூன்று சீட்டு அமைந்து குடியைக் கெடுத்துவிடும். அதனால் தம்பிராஜா இரண்டு கை நிறையக் கொட்டையை அள்ளி நடுவே தள்ளினார். பயந்து ஓடுவார் என்று பார்த்தால், நல்லையா அதே அளவை நிதானமாக எண்ணி வைத்தார். கலியாணசுந்தரமும் வைத்தார்.

சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் அலுவலகப் பியூன் சுப்பையன். யாருக்கு எத்தனை மாற்ற வேண்டும் என்று கேட்டார். நல்லையா ஒன்றை மாற்றினார், கலியாணசுந்தரம் மூன்றை.

அடுத்தது தம்பிராஜாவின் முறை. ஒரு சீட்டு கேட்டால் தம்மிடம் இருப்பது இரண்டு ஜோடிதான் என்று நல்லையா கண்டுபிடித்துவிடுவார். "எனக்கு வேணாம்" என்று கையை மூடிக்கொண்டார். ஐந்து சீட்டும் அமைந்தவன்தான் அப்படிச் சொல்வான். அதுவும் போதாதென்று மிச்சக் கொட்டை முழுவதையும் தள்ளினார். வாயாவது சும்மா இருந்ததா?

"நல்லையா, இது கோப்பு அடுக்குற வேலை இல்லலா. பெரிய மனுசங்க ஆடுற இடம். எந்திரிங்க."

நல்லையா தம்பிராஜாவை ஒரு தடவை பார்த்தார், கலியாணசுந்தரத்தை ஒரு தடவை பார்த்தார், சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அவரிடம் மிஞ்சியது மூன்று கொட்டை. அடுத்த ஆட்டத்துக்கு உட்காரவே ஐந்து வேண்டும். நல்லையா, சுப்பையன் காதில் ஏதோ சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெங்கேராப் பக்கம் போய்விட்டார்.

கலியாணசுந்தரம் தம் கொட்டை அத்தனையையும் தள்ளினார். தம்பிராஜாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சீட்டைக் காட்டாமலே கவிழ்த்தார்.

"என்கிட்ட ஒண்ணுமில்லைங்க ஐயா. சும்மா மிரட்டினேன். கோப்பை உங்களுக்குத்தான்."

அதே நொடியில் கலியாணசுந்தரமும் தம் சீட்டைக் கவிழ்த்திருந்தார். தம்மிடமும் ஒன்றுமில்லை, தம்பிராஜாவே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். நீங்கள் எடுங்கள், இல்லை நீங்கள் எடுங்கள் என்று கல்யாணப் பந்தியில் கடைசி லட்டுக்கு உபசாரம் செய்வதுபோல் இருவரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் பொறுமை இழந்தார்கள். கொட்டை முழுவதையும் வைத்த பிறகு சீட்டைக் காட்டியே ஆக வேண்டும் என்ற விதிப்படி சுப்பையன் இரண்டு கையையும் திருப்பினார். தம்பிராஜாவின் இரண்டு ஜோடி எல்லார் முன்னாலும் பல்லை இளித்தது. கலியாணசுந்தரத்திடம் ஒரு ஜோடிகூட இல்லை. அவர் மாற்றிப் போட்ட மூன்று சீட்டையும் யாரோ திருப்பிப் பார்த்தார்கள். மூன்றும் ஏஸ், கட்டிலேயே பெரிய சீட்டு.

கோப்பையைத் தம்பிராஜாவின் கையில் திணித்தார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பெரிய கிராணியை ஓரமாக அழைத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், அவர் முந்திக்கொண்டார்.

"துரை நாற்காலி உங்களுக்குத்தான்னு எனக்குத் தெரியும் தம்பிராஜா. வியாழக்கிழமை அவர் உங்க தோளைத் தட்டினதைப் பார்த்தேனே. என்னை மட்டும் ஜாசின் ஆபீசுக்கு மாத்திடாதீங்க."

துரை தோளைத் தட்டியது, அவருடைய சாமான் பெட்டிகளுக்குத் தம்பிராஜா கயிறு கட்டிக் கொடுத்ததற்காக. வேறு வழியில்லாமல் அதைச் சொன்னார். நாற்காலி கலியாணசுந்தரத்துக்கு என்று தாம் நம்பியிருந்ததையும் சொன்னார். மூன்று ஏஸைத் தூக்கி எறிந்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

சுப்பையன் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார். நல்லையா கவிழ்த்துவிட்டுப் போன சீட்டைத் திருப்பினார். மூன்று ராணி, இரண்டு ஏழு. அவரும் இரண்டு ஜோடியோடுதான் உட்கார்ந்திருக்கிறார். மாற்றிய ஒரு சீட்டு ராணியாக வந்திருக்கிறது. மூன்றும் இரண்டுமாக அமைந்த அந்தக் கை மற்ற இருவரின் கையையும் அடித்திருக்கும். இதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஏன் எழுந்து போனார் என்று தம்பிராஜா கேட்டார்.

சுப்பையன் கொட்டைகளைச் சாக்கில் அள்ளிப் போட்டபடியே சொன்னார்:

"பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டாராம், நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு உங்க ரெண்டு பேரையும் துரை ரூமுக்கு வரச் சொன்னாரு, இனிமே அங்க உட்காரப்போறது அவருதானே."